பல பண்பாடும் ஒரு தேசமும்

தேசீயம், பண்பாடு, தனிமனித சுதந்திரம் என்னும் இம்மூன்று சொற்களும் கல்லூரி விவாத சங்கங்களிற் பெரிதும் அடிபடுவன. ஒருவர் எழுந்து, தேசத்தின் ஒற்றுமையே முதற்கண் வேண்டுவது என்பர். மற்றொருவர், ஒவ்வொரு ஜனசமூகமும் தன் மொழியையும் வழக்கங்களையும் பேணும் உரிமையுடையது என்பர். மூன்றாமவர், மனிதன் தன் மனச்சாட்சிக்கு மாத்திரமே கட்டுப்பட்டவன் என்பர். கைதட்டல் மூவர்க்கும் குறைவின்றிக் கிடைக்கும். ஆயினும் இம்மூன்றும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே குடும்பத்தில், ஒரே வழக்கில் ஒன்றோடொன்று முட்டும்பொழுது எது எதற்கு வழிவிடவேண்டும் என்னும் வினாவுக்கு அச்சங்கங்களில் விடை பிறப்பது அரிது. பேசுவோர் பொதுப்படவே பேசிச் செல்வது அதற்குக் காரணம் என நாம் கருதுகின்றோம். ஆதலின் ஈண்டு ஒரு தேசத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அங்கு நிகழ்ந்த வழக்குகளின் வாயிலாக இவ்விஷயத்தை விளக்கப் புகுகின்றோம்.

அத்தேசம் கனடா. பல பண்பாட்டுக் கொள்கையைத் தன் இராஜாங்கக் கொள்கையாக உலகில் முதன்முதல் அறிவித்தது அதுவே. இலங்கையினின்று சென்ற தமிழ் மக்கள் பெருந்தொகையினராய் அங்கே குடியேறி வாழ்கின்றமையால், அந்நாட்டு வழக்குகள் நமக்கு முற்றும் அயலானவையும் அல்ல.

கனடா தோன்றியபொழுதே இரு ஜனங்களின் நாடாக இருந்தது. பிரெஞ்சுக்காரர் முன்னர்க் குடியேறிய கியூபெக் பிரதேசத்தை ஆங்கிலேயர் வென்று கைக்கொண்ட பின்னர், 1774-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்படி கியூபெக் மக்கள் தங்கள் கத்தோலிக்க சமயத்தையும் பிரெஞ்சு சிவில் சட்டத்தையும் தொடர்ந்து கைக்கொள்ள இடமளிக்கப்பட்டது. அக்காலத்தில் இங்கிலாந்திலேயே கத்தோலிக்கர்க்குப் பல உரிமைகள் மறுக்கப்பட்டிருந்தன என்பதை நினைப்பின் இதன் அருமை விளங்கும். இதனைப் பெருந்தன்மை என்று மாத்திரம் கொள்ளுதல் வேண்டா. தெற்கேயிருந்த குடியேற்ற நாடுகளிற் கலகம் மூளும் நிலையில் இருந்தமையின், வடக்கே உள்ளவர்களைத் திருப்திப்படுத்துதல் அரசியல் தேவையாகவும் இருந்தது. 1867-இல் கனடாக் கூட்டரசு அமைந்தபோதும் இவ்விரு மொழியினரின் உடன்படிக்கையே அதற்கு அடிப்படையாயிற்று.

இவ்விருவரின் உடன்படிக்கையில் மூன்றாமவர்க்கு இடம் யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மேற்குச் சமவெளிகளில் உக்ரேனியர், ஜெர்மானியர், ஐஸ்லாந்தியர் முதலாயினோர் வந்து காட்டைத் திருத்திக் கோதுமை விளைத்தனர். 1963-இல் பிரதம மந்திரி லெஸ்டர் பியர்ஸன் இரு மொழிகளையும் இரு பண்பாடுகளையும் பற்றி விசாரிக்க ஓர் அரச கமிஷனை நியமித்தபொழுது, இவர்கள், 'இரண்டு பண்பாடு என்றால் நாங்கள் யாவர்?' என வினவினர். உக்ரேனிய வம்சத்தினரான பால் யூஸிக் என்பார் 1964-இல் செனட் சபையில் தம் முதற் பேச்சிலேயே இவ்வினாவை எழுப்பினார். அதன் விளைவாக, 1971-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 8-ஆம் தேதி பிரதம மந்திரி பியர் ட்ரூடோ பார்லிமெண்டில் ஓர் அறிவிப்புச் செய்தார். கனடாவுக்கு இராஜாங்க மொழிகள் இரண்டு உண்டு. இராஜாங்கப் பண்பாடு என ஒன்று இல்லை என்பது அதன் சாரம்.

இவ்வறிவிப்பைக் கியூபெக் மாகாணப் பிரதமர் ரோபேர் பூராஸா அவ்வாண்டிலேயே ஏற்க மறுத்தார். மொழி வேறு, பண்பாடு வேறு எனப் பிரித்தல் இயலாது என்பது அவர் வாதம். இது தள்ளத்தக்க வாதம் அன்று. ஒரு மொழியை அலுவலகத்திற்கு மாத்திரம் உரியதாக்கி, அம்மொழியிற் பிறந்த வாழ்க்கையைப் பலவற்றுள் ஒன்றென வைத்தால், அம்மொழி நெடுநாள் நிற்குமோ என அவர்கள் ஐயுற்றனர். ஆங்கிலம் பேசும் கோடிக்கணக்கான மக்களின் நடுவே லட்சக்கணக்கான பிரெஞ்சு மக்கள் தீவுபோல் வாழும் நிலையை எண்ணிப் பார்ப்போர்க்கு அவ்வச்சம் விளங்கும்.

1982-இல் கனடா தன் உரிமைச் சாசனத்தை அரசியற் சட்டத்திற் சேர்த்துக்கொண்டது. அதன் 27-ஆம் பிரிவு, சாசனத்திற்குப் பொருள் கொள்ளும்போது கனடா மக்களின் பல பண்பாட்டுச் செல்வம் காக்கப்படும் முறையிற் பொருள்கொள்ளல் வேண்டும் என்று விதிக்கின்றது. 1988-இல் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். 27-ஆம் பிரிவு எந்தச் சமூகத்திற்கும் தனி உரிமை ஒன்றையும் தரவில்லை. அது பொருள் கொள்ளும் வழியை மாத்திரம் காட்டுகின்றது. சமய சுதந்திரம், பேச்சுச் சுதந்திரம் ஆகியன தனி மனிதர்க்கே வழங்கப்பட்டுள்ளன. பல பண்பாட்டுக் கொள்கை சமூகத் தலைவர்கள் கையிற் செங்கோலைக் கொடுத்துவிட்டது எனப் பழிப்போர் இதனைப் படித்துப் பார்த்தல் நலம்.

இனி வழக்குகளுக்கு வருவோம். 2001-ஆம் ஆண்டில் மான்றியால் நகரப் பள்ளிக்கூடம் ஒன்றின் முற்றத்தில், பன்னிரண்டு வயதுச் சீக்கியச் சிறுவன் ஒருவனுடைய ஆடையினின்று அவன் அணிந்திருந்த கிர்ப்பான் என்னும் சிறு கத்தி தவறி விழுந்தது. பள்ளி அதிகாரிகள் அதனைத் தடுத்தனர். வழக்கு மாகாண நியாயஸ்தலங்களில் ஒருமுறை சிறுவன் பக்கமும் மறுமுறை பள்ளியின் பக்கமும் தீர்ந்து, 2006-இல் சுப்ரீம் கோர்ட்டில் முடிவு பெற்றது. கத்தி மரவுறையில் இடப்பட்டு, துணியாற் சுற்றித் தைக்கப்பட்டு, ஆடைக்குள் அணியப்படுமாயின் சிறுவனைத் தடுத்தல் ஆகாது என நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அவர்கள் கூறிய காரணங்கள் எளியவை. பள்ளிகளில் கிர்ப்பானால் ஒருவர் காயமுற்றதாக ஒரு சான்றும் காட்டப்படவில்லை. கத்தரிக்கோலும் பந்தடிக்கும் மட்டையும் எல்லாப் பள்ளிகளிலும் கிடைக்கின்றன. அச்சத்திற்கு ஆதாரம் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் உட்கிடை. தேசீயம் குலைந்துவிடும் என்று கூவுவோரிடமும் நாம் கேட்கத்தக்கது இவ்வளவே: குலைந்த இடத்தைக் காட்டுங்கள்.

இத்தகைய வழக்கில் தீர்ப்பு எளிது. சிறுவனும் அவன் தந்தையும் சமூகமும் ஒரே பக்கத்தில் நின்றனர். எதிரில் நின்றது பள்ளி ஒன்றே. சமூகமே ஒரு பக்கத்திலும், அதிற் பிறந்த மனிதன் மறுபக்கத்திலும் நிற்கும் வழக்கே கடினமானது. அதற்கு ஹட்டரைட்டுகளின் வழக்கினும் தக்க சான்று நமக்குத் தெரியாது.

ஹட்டரைட்டுகள் என்போர் பதினாறாம் நூற்றாண்டில் மத்திய ஐரோப்பாவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபையார். அவர்கள் தலைவர் யாக்கோபு ஹட்டர் 1536-இல் இன்ஸ்பிரக் நகரில் எரித்துக் கொல்லப்பட்டார். அச்சபையார் ஆயுதம் ஏந்தார். ஆதித் திருச்சபையாரைப் போன்று எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்வர்; நிலமும் வீடும் மாடும் பணமும் சபையினுடையன; ஒருவனுக்கெனத் தனியே யாதும் இல்லை. பல தேசங்களிலும் துன்புறுத்தப்பட்டு, அமெரிக்காவினின்று 1918-இற் கனடாவுக்குப் பெயர்ந்தனர். இவர்களிடத்து நமக்கு மதிப்பு உண்டு. ஆயின் மானிடோபா மாகாணத்து ஒரு குடியேற்றத்திற் பிறந்து வளர்ந்து, அங்கேயே உழைத்த சிலர், வேறொரு சபையின் போதனையை ஏற்றுக்கொண்டனர். அதனால் அவர்கள் சபையினின்று விலக்கப்பட்டனர். தாங்கள் ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்த்த சொத்தில் தங்களுக்குரிய பங்கினைத் தரவேண்டும் என அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1970-இல் சுப்ரீம் கோர்ட்டு அவர்களுடைய கோரிக்கையை மறுத்தது. சபையிற் சேர்ந்தபோது அவர்கள் அதன் விதிகளுக்கு உடன்பட்டனர். விலகியவனுக்குப் பங்கில்லை என்பது அவ்விதிகளுள் ஒன்று என்பது பெரும்பான்மையோர் கூற்று. நீதிபதி பிஜோன் ஒருவரே மாறுபட்டார். சமய சுதந்திரம் என்பது ஒருவன் தன் சமயத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் உள்ளடக்கியது என்றும், எல்லாவற்றையும் இழந்தாலன்றி மாற முடியாத நிலையில் அவ்வுரிமை வெறும் பெயரே என்றும் அவர் கருதினார்.

நாம் அந்த ஒருவர் பக்கத்தையே சார்கின்றோம். சபையார்க்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. விலகுவோர் ஒவ்வொருவர்க்கும் பங்கு பிரித்துக் கொடுப்பின், பொதுவுடைமையையே வேதமாகக் கொண்ட சபை சில ஆண்டுகளிற் கலைந்துபோதலும் கூடும். அவ்வாறாயினும், கையிற் காசின்றி, உலகத் தொழில் ஒன்றும் பயிலாது, நடுவயதில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படும் மனிதனை நோக்கி, 'நீ விரும்பினால் வெளியேறலாம், தடையில்லை' என்று கூறுவது சுதந்திரம் ஆகுமா? கதவு பூட்டப்படவில்லை என்பது மெய். கதவுக்கு அப்பாற் படிகள் இல்லையே!

இதனின்றும் வேறான போக்குடையது சாண்ட்ரா லவ்லேஸ் என்னும் பூர்வீகக் குடிப் பெண்மணியின் வழக்கு. இவர் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் டோபிக் என்னும் ஒதுக்குநிலத்திற் பிறந்தவர், மாலிஸீட் குலத்தினர். அக்காலத்துச் சட்டப்படி பூர்வீகக் குடிப் பெண் வெளியாள் ஒருவனை மணந்தால் குலத்தவள் என்னும் நிலையை இழப்பாள். ஆண் வெளியாளை மணந்தாலோ இழப்பதில்லை, அவன் மனைவியும் குலத்தவளாய்விடுவாள்! லவ்லேஸ் மணம் முறிந்து தம் மகனோடு ஊர் திரும்பியபோது அவருக்கு அங்கு வாழும் உரிமை இல்லை எனப்பட்டது. இதே விதியை எதிர்த்து வேறிரு பெண்மணிகள் தொடுத்த வழக்கினை 1973-இற் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டிருந்தது. அவ்வழக்கிற் குலத் தலைவர்களின் சங்கமே பெண்களுக்கு எதிராக நின்றது. இவ்விதி வீழ்ந்தால் தங்கள் உரிமைகள் அனைத்துக்கும் ஆதாரமான சட்டம் முழுதும் வீழுமோ என்பது அவர்கள் அச்சம். ஆயினும் இவ்விதி குலத்தின் தொன்று தொட்ட மரபு அன்று; வெள்ளையர் அரசாங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதி வைத்தது. பிறர் எழுதிய விதியைச் சில தலைமுறைகளுக்குள் தம் பாரம்பரியம் எனப் போற்றும் வழக்கம் கனடாவில் மாத்திரம் உண்டென எண்ணற்க.

லவ்லேஸ் 1977-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். 1981-இல் அக்குழு கனடா பிழைசெய்ததெனத் தீர்மானித்தது. வியப்பு யாதெனின், அக்குழு எடுத்துக்காட்டிய விதி ஆண் பெண் சமத்துவத்தைப் பற்றியதன்று. சிறுபான்மையோர் தம்மவரோடு கூடித் தம் பண்பாட்டை அநுபவிக்கும் உரிமையைக் கூறும் 27-ஆம் விதியே அது. அஃதாவது, பண்பாட்டுரிமை இவ்விடத்துச் சமூகத்தின் கையிற் கேடயமாக அமையாமல், அச்சமூகம் புறந்தள்ளிய ஒரு பெண்ணின் கையில் திறவுகோலாயிற்று. இரண்டும் எக்காலத்தும் பகையென்று எண்ணுவோர் இவ்வழக்கை ஊன்றிப் படித்தல் வேண்டும். 1985-இற் கனடா பார்லிமெண்டு அச்சட்டத்தைத் திருத்தியது. லவ்லேஸ் 2005-இல் செனட் சபை அங்கத்தினரானார்.

பூர்வீகக் குடிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியபின் மற்றொன்றையும் சொல்லாது செல்லலாகாது. மிஷன் கல்லூரியிற் பயில்வோர் அதனை அறிந்திருத்தல் சிறப்பாக வேண்டும். ஒரே தேசம், ஒரே பண்பாடு என்னும் நோக்கத்துடன் அரசாங்கமும் திருச்சபைகளும் சேர்ந்து, அக்குடிகளின் பிள்ளைகளுக்கென விடுதிப் பள்ளிகளை நடத்தின. ஏறக்குறைய 1,50,000 பிள்ளைகள் அவற்றிற் சேர்க்கப்பட்டனர். 1920-இல் வருகை கட்டாயமாக்கப்பட்டது. தாய்மொழி பேசினால் தண்டனை. தாய் தந்தையரைக் காண்பது அரிது. நோயால் மாண்டோர் பலர். இவற்றை நடத்தியோருட் பலர் தாம் நன்மை செய்வதாகவே நம்பினர் என்பதும் உண்மை. அது பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருந்திராது. ஐக்கிய சபை 1986-இலும், ஆங்கிலிக்கன் சபை 1993-இலும், கனடா அரசாங்கம் 2008-இலும் மன்னிப்புக் கோரின. போப்பாண்டவர் 2022-இற் கனடாவுக்கே சென்று மன்னிப்பு வேண்டினார். பல பண்பாட்டுக் கொள்கையின் குறைகளை எண்ணுவோர், அதற்கு மாற்றாக வைக்கப்பட்டது எவ்வாறு நடந்தது என்பதையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் முறை.

ஆன்டேரியோ மாகாணத்தில் நிகழ்ந்தது சுருக்கமாகக் கூறத்தக்கது. 1991-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டப்படி, குடும்ப வழக்குகளைச் சமய விதிப்படி தீர்த்துக்கொண்டால் அத்தீர்ப்பை நியாயஸ்தலம் நிறைவேற்றித் தரும் நிலை இருந்தது. யூதர் சிலர் அதனைப் பயன்படுத்தி வந்தனர். 2003-இல் முஸ்லிம் சட்டப்படியும் அவ்வாறு ஒரு மன்றம் அமைக்கச் சிலர் முற்பட்டபோது, அதனை முதன்மையாக எதிர்த்தோர் முஸ்லிம் பெண்களே. வந்தேறிய பெண்ணொருத்தி மொழியறியாது, உறவினர் சூழ, மத்தியஸ்தப் பத்திரத்திற் கையெழுத்திடுவதை மனமார்ந்த சம்மதம் எனலாமா என அவர்கள் வினவினர். 2005-இல் மாகாணப் பிரதமர் மெகின்டி, எந்தச் சமயத்தின் மத்தியஸ்தத்திற்கும் குடும்ப வழக்கிற் சட்ட வலிமை இல்லை என அறிவித்தார். யூதர்க்கு இருந்ததும் உடன் நீங்கிற்று. எல்லார்க்கும் ஒப்ப நீக்கியது நேர்மையெனவே நாம் கொள்கின்றோம்.

இவ்விடத்துக் கனடா அறிஞர் வில் கிம்லிக்கா வகுத்த வேற்றுமை பயன்படுகின்றது. ஒரு சிறுபான்மைச் சமூகம், பெருஞ்சமூகத்தின் நெருக்குதலினின்று தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேண்டும் உரிமை ஒரு வகை. தன் அங்கத்தினரையே கட்டுப்படுத்தும் பொருட்டு வேண்டும் அதிகாரம் மற்றொரு வகை. முன்னதை வழங்கலாம், பின்னதை வழங்கலாகாது என்பது அவர் கொள்கை. கிர்ப்பான் வழக்கு முன்னதைச் சார்ந்தது. ஆன்டேரியோ வழக்குப் பின்னதை. ஆயின் ஹட்டரைட்டுகளின் பொதுச் சொத்தோ இரண்டும் கலந்து கிடப்பது. வெளியுலகினின்று காப்பதும் உள்ளே இருப்பவனைக் கட்டுவதும் ஒரே கயிறாக இருப்பின் எங்கே அறுப்பது? நூலில் தெளிவாக இருப்பது வழக்கிற் குழம்புதல் இயல்பே.

வேறொரு பக்கத்தினின்று இக்கொள்கையைத் தாக்கியவர் நீல் பிஸுந்தாத். டிரினிடாட் தீவினின்று வந்து கனடாவிற் குடியேறிய எழுத்தாளர் இவர். 1994-இல் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். வந்தவனை அவன் விட்டுவந்த தேசத்தின் பொம்மையாக்கி, ஆட்டமும் பலகாரமும் ஆடையுமாகக் காட்சிக்கு வைத்துவிடுகின்றது இக்கொள்கை என்பது அவர் குறை. இதில் உண்மை உண்டு. டொரான்டோவில் வளரும் தமிழ்ச் சிறுமி ஒருத்தி பரதநாட்டியம் பயிலாது பனிச்சறுக்கு ஆட விரும்பினால், அதனால் அவள் தமிழுக்குத் துரோகி ஆகாள். பள்ளியிலே தமிழ் கற்க வசதி இருத்தல் நன்று. கற்றே தீரவேண்டும் எனத் தேசமோ சமூகமோ அவளைக் கட்டுதல் நன்றன்று. வசதியும் கட்டாயமும் வேறு என்னும் இச்சிறு வேற்றுமை பேணப்படின், பிஸுந்தாத் கூறும் குறையிற் பெரும்பகுதி நீங்கும்.

கியூபெக்குக்கு மீள்வோம், அங்கேதான் வாதம் இன்னும் ஓயவில்லை. 1977-இல் அம்மாகாணம் பிரெஞ்சு மொழிச் சாசனத்தை இயற்றி, வந்தேறியோர் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிகளிற் பயில விதித்தது. அழியும் அச்சத்தில் உள்ள மொழிக்கு இவ்வரண் தகும் என்றே நமக்குத் தோன்றுகின்றது. பின்னர் அவ்வச்சம் மொழியினின்று ஆடைக்குத் தாவிற்று. 2007-இல் எரூவில் என்னும் சிற்றூரின் சபையார், வந்தேறுவோர்க்கென ஒரு நடத்தை விதி வெளியிட்டு, பெண்களைக் கல்லெறிந்து கொல்லுதல் அங்குக் கூடாது என அறிவித்தனர். அவ்வூரில் வந்தேறியோர் இல்லையென்றே சொல்லலாம்! உலகம் நகைத்தது; ஆயினும் மாகாண அரசாங்கம் இக்கலக்கத்தை மதித்து, சரித்திராசிரியர் ஜெரார் பூஷார், தத்துவ ஆசிரியர் சார்லஸ் டெய்லர் இருவரையும் விசாரணைக்கு நியமித்தது. நீதிபதி, போலீஸார் போன்று தண்டிக்கும் அதிகாரம் உடையோர் சமயச் சின்னம் அணியலாகாது, ஆசிரியர்களுக்கு அத்தடை வேண்டா என 2008-இல் அவர்கள் கூறினர். சட்டசபை மண்டபத்திற் சபாநாயகர் ஆசனத்தின் மேல் 1936 முதல் தொங்கிய சிலுவையை அகற்றவும் கூறினர். அறிக்கை வெளிவந்த நாளிலேயே சட்டசபை ஒருமனதாகச் சிலுவையை வைத்துக்கொள்ளத் தீர்மானித்தது. அது சமயச் சின்னம் அன்று, பாரம்பரியம் என்றனர். தன்னுடையது பாரம்பரியம், பிறனுடையது சமயம் என்பது எங்கும் காணப்படும் இலக்கணமே. சிலுவையைக் கிறிஸ்துவின் பாடுகளுக்கு அடையாளமாகக் கொள்வோர்க்கு, அதனை வெறும் சுவர் அலங்காரமாக்கிய அவ்வாதம் மகிழ்ச்சி தருவதற்கில்லை.

2019-இல் 21-ஆம் மசோதா சட்டமாயிற்று. பொதுப் பள்ளி ஆசிரியர், போலீஸார், அரசாங்க வக்கீல்கள் முதலியோர் பணிநேரத்திற் சமயச் சின்னம் அணிதல் தடுக்கப்பட்டது; முன்னரே பணியில் இருந்தோர் அதே பணியில் உள்ளவரை விலக்குப் பெற்றனர். அவ்வாண்டிலேயே சட்டசபைச் சிலுவையும் இறக்கப்பட்டது. அந்த அளவில் நேர்மை உண்டு. ஆயினும் சுவரினின்று இறக்குவதும் ஒரு மனிதனின் தலையினின்று இறக்குவதும் ஒன்றல்ல. சுவர் அரசாங்கத்தினுடையது, தலை அவனுடையது. 2021-இல் ஷெல்ஸி என்னும் ஊரில் முக்காடு அணிந்த ஆசிரியை ஒருவர் வகுப்பினின்று அகற்றப்பட்டார். அவர் கற்பித்ததில் எவரும் குறை கூறவில்லை. பெற்றோர் பலர் அவருக்காக வருந்தினர்.

இச்சட்டம் உரிமைச் சாசனத்திற்கு முரணாமோ என்னும் ஐயம் இயற்றியோர்க்கே இருந்தது. ஆதலின் அச்சாசனத்தின் 33-ஆம் பிரிவைத் துணைக்கழைத்தனர். சில உரிமைகளைப் பொருட்படுத்தாது ஒரு சட்டம் ஐந்தாண்டு செல்லும் எனச் சட்டசபை விதித்துக்கொள்ளலாம் என்பது அப்பிரிவு. ஐந்தாண்டிற்கொரு முறை அதனைப் புதுப்பித்தல் வேண்டும். இடையே தேர்தல் வருமாதலின், மக்கள் கேள்வி கேட்க வாய்ப்புண்டு என்பது அதனை அமைத்தோர் எண்ணம். தேர்தலிற் பெரும்பான்மையோரே வெல்வர்; உரிமை வேண்டி நிற்போரோ சிறுபான்மையோர். கியூபெக் சட்டசபை 2024-இல் அதனை மேலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தது. அவ்வாண்டிலேயே மாகாண மேல்முறையீட்டு நியாயஸ்தலமும் சட்டத்தை ஆதரித்துத் தீர்ப்பளித்தது. 2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு இவ்வழக்கை விசாரிக்க இசைந்தது.